தீயணைப்புத் தளவாயும் பேசாத ஆவுடையப்பனும்

ஒரு ஊர்ல ஒரு ரயில்வே கேட்டு இருந்துச்சாம். மூடுனா லேசுல திறக்காத கேட்டு. அதுக்கு இந்தப் பக்கம் ஒரு தீயணைப்பு நிலையம். நிலையத்துக்கு எதிர்த்தாப்புல, ரோட்டைத் தாண்டுனா பன்னெண்டே எட்டுல, ஒரு சைக்கிள் கடை. கடைக்காரர் பேரு ஆவுடையப்பன். கோவக்காரர். வந்துட்டுப் போற கோவம் இல்ல அது. வந்தா பாயை விரிச்சுப் படுத்துக்கிடுற கோவம். ம் போடு பாப்போம்.

"ம்."

ஆங். நிலையத்துல தளவாய்னு ஒருத்தர். தீயணைக்கிறதுதான் வேலை. ஒசரமா, ஒல்லியா, காக்கிச் சட்டைக்குள்ள மூங்கில் கம்பு மாதிரி இருப்பாரு. ரெண்டு பேரும் அப்படி ஒரு சேக்காளிங்க. ஒரே டீயைப் பாதி பாதியாக் குடிப்பாங்க.

அப்புறம் ஒரு நாள் மத்தியானம், ஆவுடையப்பனோட வைக்கப்படப்புல தீப் பிடிச்சுச்சு. கேட்டுக்கு அந்தப் பக்கம் வயக்காட்டுல இருந்த படப்பு. அவரு மாடுங்களுக்கு ஒரு வருசத்துத் தீனி. தீயணைப்பு வண்டி கணகணகணன்னு மணியடிச்சுக்கிட்டுக் கிளம்புச்சு. போனா, கேட்டு மூடிக் கெடக்கு. சரக்கு ரயிலு. தடக் தடக், தடக் தடக், எத்தனை பெட்டிங்கிறே! அது போய் முடியறதுக்குள்ள படப்பு முடிஞ்சு, சாம்பல் மேடுதான் நின்னுச்சு.

தளவாய் வண்டியில இருந்து குதிச்சு ஓடியாந்தாரு. "அண்ணாச்சி, கேட்டு மூடி..."

"போதும் வே. இனிமே உமக்கும் எனக்கும் பேச்சுக் கெடையாது."

அவ்வளவுதான். அந்தக் கேட்டுக்காரனை யாராச்சும் ஒரு வார்த்தை கேட்டாங்களா? கேக்கல. அவன் பாட்டுக்கு வெத்தலை போட்டுக்கிட்டு நல்லாத்தான் இருந்தான். எனக்கு அவனைக் கண்டாலே ஆகாது.

அப்புறம் ஒரு வருசம், ரெண்டு வருசம்னு பதினெட்டு வருசம் பேச்சு இல்ல. ஆனா கண்ணை என்ன பண்றது? எதிர்த்தாப்புலல்ல இருக்கு நிலையம். மணி அடிச்சா ஆவுடையப்பன் ஸ்பேனரைக் கீழ வச்சுட்டு அங்கயே பாப்பாரு. தளவாய் எதுலயாச்சும் தப்புப் பண்ணி முழிக்கணும், அதைத் தான் பாக்கணும்னு ஆசை.

ஒரு தடவை கிணத்துல பசுமாடு விழுந்துச்சு, தொபுக்கடீர்னு. தளவாய் இடுப்புல கயித்தைக் கட்டி இறங்குனாரு. மாட்டு வயித்துக்கடியில பெல்ட்டைக் குடுத்து மேல ஏத்தி விட்டாரு. அப்போ அந்த மாடு என்ன செஞ்சுச்சு தெரியுமா? தளவாய் ஏறி வந்ததும் விட்டுச்சு ஒரு உதை. நொண்டிக்கிட்டே நிலையத்துக்கு வந்தாரு. ஆவுடையப்பன் தன் பொண்டாட்டி கோமுகிட்ட, "மாட்டுக்கே தெரியுது பாரு, ஆளு யாருன்னு"ன்னு சொன்னாரு.

இன்னொரு தடவை ஆத்துல வெள்ளம். ஒரு ஆச்சி கூரை மேல ஏறி உக்காந்துக்கிட்டு, ஆட்டை விட்டுட்டு வரமாட்டேன்னுட்டா. தளவாய் ஆச்சியை முதுகுல ஏத்தி, ஆட்டைத் தோள்ல போட்டு, நெஞ்சளவுத் தண்ணியில சளக் சளக்னு வந்தாரு. வர்ற வழி பூரா அந்த ஆடு அவரு சட்டைக் காலரைத் தின்னுச்சு. "அரசாங்கச் சட்டையை ஆட்டுக்குப் போட்டுட்டு வந்திருக்காரு"ன்னாரு ஆவுடையப்பன்.

மூணாவது தடவை, வைக்கோல் லாரி கரண்டு கம்பியில உரசி, சந்தைத் தெருவுல திகுதிகுன்னு எரியுது. ரெண்டு பக்கமும் கடை, ஜனம். டிரைவர் குதிச்சு ஓடிட்டான். தளவாய் எரியற லாரியில தாவி ஏறி, புர்ர்ர்னு ஓட்டிட்டுப் போய்க் குளத்துல இறக்கிட்டாரு. புஸ்ஸ்ஸ்! திரும்பி வந்தப்போ அவரு மூஞ்சியைப் பாத்துட்டு கோமு, "ஐயோ, அந்த மனுசனுக்குப் புருவத்தைக் காணோமே"ன்னு கத்திட்டா. அன்னைக்கு ஆவுடையப்பனுக்குச் சோறு இறங்கல. கேட்டதுக்கு வயித்துவலின்னுட்டாரு. தூங்கிட்டியா?

"இல்ல. புருவம் மொளைச்சுச்சா?"

மொளைச்சுச்சு. ஒண்ணு மட்டும் கொஞ்சம் கோணலா.

அப்புறம் ஒரு நாள், ஆவுடையப்பனோட பேத்தி பேச்சி, நாலு வயசுக்காரி, கடைக்குப் பின்னால விளையாடிக்கிட்டு இருந்தா. எவர்சில்வர் குடம் ஒண்ணு அங்க கெடந்துச்சு. உள்ள எட்டிப் பாத்தா. இன்னும் கொஞ்சம் எட்டிப் பாத்தா. டபக்! தலை உள்ள போயிருச்சு. வெளிய வரல. ஙொம்ம்ம், ஙொம்ம்ம்னு குடம் அழுவுது.

ஆவுடையப்பன் ஓடிப்போய்த் தேங்காயெண்ணெயை ஊத்துனாரு. வழவழன்னு ஆச்சு, வரல. சோப்பைப் போட்டுப் பாத்தாரு. நுரை வந்துச்சு, தலை வரல. அப்போ கூட்டத்துல ஒரு மேதாவி, சுத்தியலை எடுத்துக் குடத்து மேல டங்குனு ஒரு அடி அடிச்சான். உள்ள பிள்ளை வீல்னு கத்துச்சு. இன்னொருத்தன் போன்ல படம் பிடிச்சுக்கிட்டு நின்னான். பேரு தெரியும், சொல்லமாட்டேன்.

அப்புறம் அந்த அழுகை சின்னதாச்சு. இன்னும் சின்னதாச்சு. குடத்துக்குள்ள காத்துக் கொறையுது.

கோமு சொன்னா, "பன்னெண்டு எட்டுதான் இருக்கு. நீங்க போறீங்களா, நான் போகட்டா?"

ஆவுடையப்பன் பிள்ளையைக் குடத்தோட அள்ளித் தூக்குனாரு. ரோட்டைத் தாண்டுனாரு. பஸ்ஸு கிரீச்னு நின்னுச்சு, அதைக்கூடப் பாக்கல. நிலையத்து வாசல்ல போய் நின்னா, என்னன்னு கூப்பிடறது? பதினெட்டு வருசம் பேசாத வாயி. தொண்டையில இருந்து பிய்ச்சுக்கிட்டு வந்தது ஒண்ணுதான்.

"எய்யா! பிள்ளை!"

தளவாய் சோத்துக்கையோட ஓடியாந்தாரு. வேற பேச்சே இல்ல. கையை உதறிக் கழுவிட்டு, குடத்துல காதை வச்சுக் கேட்டாரு. "எல்லாரும் வாயை மூடுங்க. உங்களுக்குப் பேச்சு, உள்ள இருக்கவளுக்கு இடி." அப்புறம் மெதுவா, "ஏட்டி, உன் பேரு என்ன?"ன்னாரு.

"பே...ச்சி."

"கெட்டிக்காரி. பேச்சி, தாத்தா காத்து அனுப்புறாரு, வாங்கிக்கோ." நிமிந்து பாத்தாரு. "அண்ணாச்சி, உங்க சைக்கிள் பம்பைக் கொண்டாங்க. மெல்லிசா ஒரு டியூப்பும்."

ஆவுடையப்பன் ஓடுன ஓட்டத்தைப் பாக்கணுமே! தளவாய் அந்த டியூப்பைக் கழுத்தோரம் உள்ள நுழைச்சாரு. ஆவுடையப்பன் பம்பைப் பிடிச்சு வேகமா அடிச்சாரு.

"மெதுவா அண்ணாச்சி. டயருக்கு இல்ல, பிள்ளைக்கு."

புஸ்... புஸ்... ஈரத்துணியைக் கழுத்தைச் சுத்திச் செருகிட்டு, தளவாய் தகரம் வெட்டுற கத்திரியை எடுத்தாரு. கறுக்... கறுக்... ஒவ்வொரு கறுக்குக்கும் ஆவுடையப்பன் பம்பை நிறுத்திட்டு எட்டிப் பாக்குறாரு.

"கையை விட்டுறாதீங்க அண்ணாச்சி. நீங்க அடிச்சாத்தான் நான் வெட்ட முடியும்."

புஸ்... கறுக்... புஸ்... கறுக்... படக்!

குடம் வாயைப் பொளந்துச்சு. உள்ள இருந்து தக்காளிப் பழம் மாதிரி ஒரு மூஞ்சி. மூச்சை இழுத்துச்சு. முழிச்சுப் பாத்துச்சு. அப்புறம் பேச்சி சொன்னா, "உள்ள இன்னொரு பாப்பா இருக்கா. நான் பேச்சின்னு சொன்னா அவளும் பேச்சிங்கிறா. அவளையும் எடுங்க."

தளவாய் சிரிக்கல. குடத்துக்குள்ள கையை விட்டு, பதனமா எதையோ தூக்கித் தரையில விட்டாரு. "எடுத்தாச்சு. அந்தா, அவ அம்மாகிட்ட ஓடுறா பாரு." பேச்சி அந்தப் பக்கம் திரும்பிப் பாத்துக் கையை ஆட்டுனா. கோமு அவளை வாரி அணைச்சுக்கிட்டா. கூட்டம் மொத்தமும் அப்பாடான்னு மூச்சு விட்டுச்சு.

ஆவுடையப்பன் மட்டும் இன்னும் அடிச்சுக்கிட்டே இருக்காரு. புஸ்... புஸ்...

"போதும் அண்ணாச்சி. பிள்ளை வந்தாச்சு."

அப்பத்தான் கையை விட்டாரு. அப்படியே தரையில உக்காந்து ஓன்னு அழுதாரு. அழுது முடிச்சு மூக்கைச் சிந்திட்டு, "வே, அந்தப் படப்பை நான் மறக்க மாட்டேன்"ன்னாரு.

"மறக்காதீங்க அண்ணாச்சி."

"மறக்கவே மாட்டேன். ஆனா பேசுவேன்."

பேசுனாரு பாரு பேச்சு! பதினெட்டு வருசத்துப் பாக்கிப் பேச்சு. "மாட்டுக்குப் பின்னால எவனாச்சும் போய் நிப்பானா வே? அந்த ஆட்டை ஏன் வாய் இந்தப் பக்கம் இருக்க மாதிரிப் போட்டீரு?"ன்னு ஒண்ணு விடாமக் கேட்டாரு. தளவாய்க்கே அதுல பாதி மறந்து போச்சு. ஊருல அவரு செஞ்சதெல்லாம் தெரிஞ்ச ஒரே ஆளு, அவரோட பேசாத ஆளுதான்.

அப்புறம் தளவாய் வேலையில இருந்து ஓய்வு பெத்தாரு. மாலை போட்டாங்க. புதுசா வந்த அதிகாரி ரெண்டு வரி வாசிச்சுட்டு உக்காந்துட்டாரு. ரெண்டு வரி! சரி விடு, அதை நான் இன்னொரு நாள் கேட்டுக்கிடுதேன்.

மறுநாள் காலையில தளவாய் வேட்டியைக் கட்டிக்கிட்டு சைக்கிள் கடை ஸ்டூல்ல வந்து உக்காந்தாரு. எதிர்த்தாப்புல கணகணகணன்னு மணி. தளவாய் துள்ளி எந்திரிச்சுட்டாரு. செருப்புக்கூடப் போடல, காலு ஓடுது. ஆவுடையப்பன் அவரு சட்டையைக் கொத்தாப் பிடிச்சுட்டாரு.

"அது இனி உமக்கு இல்ல வே. நிலையத்துல இருக்க பிள்ளைங்க போவாங்க. உக்காரும்."

தளவாய் நின்னாரு. வண்டி தெருமுனையில திரும்பி மறையற வரைக்கும் பாத்துக்கிட்டே நின்னாரு. அப்புறம் உக்காந்தாரு. காலை நீட்டுனாரு. சுவத்துல சாஞ்சாரு. முப்பத்தொரு வருசத்துல முதல் தடவையா, யாரு கூப்பிடுவாங்களோன்னு ஒரு காதைத் திறந்து வைக்காம, ரெண்டு காதையும் மூடித் தூங்குனாரு. கொர்ர்ர்... கொர்ர்ர்...

ம் போடு.

...

கதையும் காலை நீட்டிப் படுத்துருச்சு. தூங்கு, தூங்கு.