போஜன மண்டபத்துக் குளம்படி

முன்னொரு காலத்தில் நெடுமலை நாட்டைக் கோளரிவர்மன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று பேச்சுக்குச் சொல்கிறேன். தின்றான் என்பதே சரி. குளம்புள்ள பிராணி எதுவானாலும், எந்தத் தேசத்தார் எப்படிச் சமைத்தாலும், அது தன் இலைக்கு வந்தாக வேண்டும் என்று அவனுக்கு ஒரு பைத்தியம்.

அரண்மனைச் சமையற்காரி சடைச்சி கப்பலில் வரும் வணிகர்களிடம் கேட்டுக் கேட்டு அத்தனையும் கற்று வைத்திருந்தாள். மணலில் குழி வெட்டித் தணல் நிரப்பி முழு ஆட்டுக்குட்டியை மூடி வேகவைப்பாள். அது அரபு முறை. பன்றிக்கறியைப் பாகில் சுருள வதக்குவாள். அது சீன முறை. குதிரைக்கறியைக் குடலில் திணித்துப் புகையில் தொங்கவிடுவதைக்கூட ஒரு துருக்கியனிடம் படித்துக்கொண்டாள். மனம் குளிர்ந்த ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி அவளுக்குப் போட்டான். விருந்து அதிகாரி மங்கலராயருக்கு அன்றிலிருந்து வயிறு எரிந்தது.

சடைச்சியிடம் ஒரு வழக்கம் உண்டு. எதை வெட்டும் முன்னும் அதன் தலையில் மஞ்சள் தண்ணீர் தெளித்துக் காத்திருப்பாள். அது உடம்பைச் சிலிர்த்துத் துலுக்கினால் சம்மதம். துலுக்காவிட்டால் அவிழ்த்து விட்டுவிடுவாள். இதனால் ஒருநாள் சாப்பாடு தாமதமானது. ராஜா எகிறினான்.

"நான் பசியோடு கிடக்கிறேன், நீ ஆட்டிடம் உத்தரவு கேட்டுக்கொண்டு நிற்கிறாயா? இந்த நாட்டில் உத்தரவு போடுகிறவன் நான் ஒருவன்தான். இனித் தண்ணீர் தெளிக்கக் கூடாது!"

மறுநாள் மதியம் ராஜா முதல் வாய் வைத்ததும் மண்டபத்துக் கல்தரையில் ஒரு சத்தம் கேட்டது. டக்... டக்... டக்... வாசலில் தொடங்கியது, ஆள் அரவம் இல்லை. மெல்ல நடந்து வந்து ராஜாவின் முதுகுக்குப் பின்னால் நின்றது. அவன் பிடரியில் சூடான மூச்சு பட்டது. திரும்பிப் பார்த்தால் வெறும் வெளிச்சம்.

ஆறு நாள் இப்படியே நடந்தது. ஆட்டுக்கறி அன்று இலேசான அடி, குதிரைக்கறி அன்று தரை அதிரும் அடி. ராஜாவுக்குச் சோறு இறங்கவில்லை. ஏழாம் நாள் நடுங்கிப் போய்க் கீரைச்சோறு கேட்டான். அப்போதும் டக் டக் என்றது! எட்டாம் நாளும் அதே கதைதான்.

மங்கலராயர் எழுந்தார். "மகாராஜா, கறியே இல்லாத நாளிலும் வருகிறதென்றால் குற்றம் கறியில் இல்லை, கையில் இருக்கிறது. இவள் சூனியக்காரி. தலையை வாங்கினால் சத்தம் நிற்கும்."

"சடைச்சி, நாளை மதியமும் கேட்டால் உன் தலை உனக்கில்லை" என்றான் ராஜா.

சடைச்சி யோசித்தாள். முதல் ஆறு நாளும் நடந்து வந்த சத்தம், இந்த இரண்டு நாளும் நின்ற இடத்திலேயே தட்டியதே!

"ஆகட்டும் மகாராசா. நாளைக்கு ஒட்டகம் சமைக்கிறேன். துறைமுகத்துல அரபு வணிகர்கிட்ட ஒண்ணு நிக்குது. அதுக்கப்புறம் என் தலையை எடுத்துக்குங்க."

அந்த நாட்டில் இருந்ததே அந்த ஒரே ஒட்டகம்தான். சபையில் யாரும் அதைக் கிட்டப் போய்ப் பார்த்ததில்லை.

ஒன்பதாம் நாள் மதியம் மூடிய பானை வந்தது. ராஜா கை நனைத்ததும், டக்! டக்! டக்! மண்டபமே அதிர்ந்தது.

"ஐயோ, ஒட்டகத்தின் குளம்பு!" என்று அலறினார் மங்கலராயர். "மகாராஜா, இன்னும் என்ன தாமதம்?"

சடைச்சி சிரித்துவிட்டாள். "ஐயா, வெளியே நிக்குற அரபு வணிகரைக் கூப்பிடுங்க."

வணிகர் வந்தார். அவருக்குப் பின்னால், பானையில் வெந்திருக்க வேண்டிய ஒட்டகம் தலையை ஆட்டிக்கொண்டு வந்தது. கல்தரையில் மண்டபம் முழுக்கச் சுற்றியது. ஒரு சத்தம் இல்லை.

"பார்த்தீங்களா? ஒட்டகத்துக்கு ஏதுங்க குளம்பு? பாதம் மெத்தை கணக்கா இருக்கும். பானையில வெந்தது சேனைக்கிழங்கு. அப்ப இங்கே தட்டுனது எந்த ஒட்டகம்?"

சத்தம் வந்த இடத்தை அவள் காட்ட, காவலர்கள் அதற்கடியில் இருந்த நிலவறையைத் திறந்தார்கள். இரண்டு கையிலும் காய்ந்த எருமைக் குளம்புகளோடு ஒருவன் உட்கார்ந்திருந்தான். மங்கலராயரின் வேலைக்காரன் பொட்டியான்.

"அடிக்காதீங்க சாமி! எசமான் சொல்லித்தான் தட்டினேன். நேத்து, முந்தாநாள், இன்னிக்கு. மூணே நாள்தான்!"

ராஜாவின் கை இலையிலேயே நின்றது. "அதற்கு முன்னால் ஆறு நாள்?"

"அந்த ஆறு நாளும் நானும் மேலேதான் இருந்தேன். எல்லாரோடயும் சேர்ந்து பயந்துக்கிட்டு."

மங்கலராயர் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். "மகாராஜா, அதைக் கேட்டுத்தான் எனக்கு இந்த யோசனையே வந்தது."

சடைச்சிதான் சொன்னாள்: "ஆறு நாள், ஆறு உயிர், மகாராசா. ஒண்ணுகிட்டயும் நாம கேக்கலை. கேக்கத்தான் அதுங்க வந்திருக்கு."

ராஜா தலை குனிந்தான். தன் ஆசனத்துக்குப் பக்கத்திலேயே அவளுக்கு ஆசனம் போட்டான். சமையற்கட்டில் இனி அவள் சொல்லே சட்டம் என்றான். மங்கலராயருக்கு மஞ்சள் தண்ணீர்க் குடம் சுமக்கும் உத்தியோகம் கிடைத்தது.

மறுநாள் மண்டபத்து வாசலுக்கு வெளியே ராஜாவே ஒரு கிடாயின் தலையில் தண்ணீர் தெளித்தான். கிடாய் அவனையே பார்த்தது. துலுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறியது. அவனுக்குப் பின்னால், ஆளில்லாத மண்டபத்தில், ஒவ்வொன்றாக ஆறு குளம்படிகள் வாசல்வரை வந்து நின்றன. ராஜாவின் பிடரி சிலிர்த்தது. கயிற்றை அவிழ்த்தான். கிடாய் காட்டைப் பார்த்து நடந்தது. அந்த ஆறு அடிகளும் அதன் பின்னாலேயே போய்த் தேய்ந்தன. அப்புறம் அந்த மண்டபத்தில் அவை கேட்கவே இல்லை.

வெகுநேரம் கழித்து ராஜா கேட்டான்: "சடைச்சி, இன்று எனக்கு என்ன சாப்பாடு?"

"நேத்து மீந்த ஒட்டகம் இருக்கு, மகாராசா."

ராஜா ஒரு துண்டு மீதி வைக்காமல் தின்றான். தின்னும்போது இரண்டு முறை திரும்பிப் பார்த்தான், அவ்வளவுதான்.