மை தடவாத ஓலை

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவள் செண்பகவல்லி. சுவடி நூலகத்தில் ஓலைகளுக்குத் தைலம் பூசுகிறவள். போன கந்தசஷ்டியன்று, விரதம் முடிக்கப்போகிற நேரத்தில், கோயில் பிராகாரத்தில் வைத்துச் சொன்னாள்.

ஒரு நூலகத்தில் பழைய ஓலைச்சுவடி ஒன்று இருந்தது. பாலமுருகனைத் தொட்டிலில் இட்டுப் பாடும் தாலாட்டு அது. ஆனால் பிள்ளை தூங்கும் கடைசிப் பாட்டு மட்டும் அதில் இல்லை. அதனால் பல நூறு வருஷமாக முருகன் கண்ணை மூடவே இல்லை.

சுவடியின் கடைசி ஓலையில் எழுத்தே தெரியாது.

“நாங்க ஆளுக்கொரு பாட்டைச் சுமக்குறோம். நீ எதுக்கு, காவலுக்கா?” என்று மற்ற ஓலைகள் கேலி செய்யும்.

“எம்மேல கறை இல்லையே, அது போதும்” என்று அது முணுமுணுக்கும். எழுத்தாணி கீறிய வலி அதற்கு ஞாபகம் இருந்தது. வெளியே சொன்னதில்லை.

ஒருநாள் நூலகத்தில் வேலை பார்க்கும் கோமளமும் மரகதமும் சுவடியைப் பிரித்தார்கள்.

“அக்கா, இது வெத்து ஓலை. பூச்சி வேற அரிச்சிருக்கு. மத்ததுக்கும் ஏறிடும். எடுத்துப் போட்டுடவா?” என்றாள் மரகதம்.

“இருடி. ஒரு தடவை மையைத் தடவிப் பாத்துடுவோம்” என்றாள் கோமளம்.

கரியும் எண்ணெயும் குழைத்த மை கிண்ணத்தில் இருந்தது. அதைக் கண்டதும் ஓலை சுருண்டுகொண்டது.

“கிட்ட வராதே! என்னை முழுக்கக் கறுப்பாக்கிடுவே.”

“சுருண்டா உடைஞ்சிடுவே, தாயி” என்றது மை. “துணியால துடைச்சா நான் போயிடுவேன். காயம் பட்ட இடத்துல மட்டும்தான் தங்குவேன்.”

“அந்தக் காயத்தைத்தான் நான் யாருக்கும் காட்டினதில்லை.”

“தெரியும். எழுதினவரு கீறினாரு, என்னைத் தடவ மறந்துட்டாரு. அதான் வலி மட்டும் உங்கிட்ட தங்கிப்போச்சு.”

 ஓலை மெல்ல விரிந்து கொடுத்தது.

மை பரவியது. ஓலை முழுக்க இருட்டு. “போச்சு!” என்றன மற்ற ஓலைகள்.

கோமளம் துணியால் துடைத்தாள். அந்த இருட்டுக்குள்ளிருந்து ஓர் எழுத்து எழுந்து வந்தது. பக்கத்தில் இன்னொன்று. வரி முழுக்க, ஓலை முழுக்க, கார்த்திகை விளக்கு ஏற்றினாற்போல எழுத்துகள்.

மரகதம் எழுத்துக் கூட்டிப் படித்தாள். கடைசி வரியில் குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

“அக்கா… பிள்ளை தூங்குதுக்கா.”

கோமளம் மை படிந்த கையோடு கும்பிட்டாள். சுவடியில் ஒரு சலசலப்பு எழுந்தது. கேலி பேசிய ஓலைகளில் ஒன்றுதான் முதலில் “உஷ்” என்றது.

நீங்கள் அந்த நூலகத்துப் பக்கம் போனால், கதவை மட்டும் மெதுவாகச் சாத்துங்கள்.