கண் திறக்காத அன்னங்கள்

ஆற்றங்கரைக் குடிசையில் இருந்த பூரணத்தம்மாளிடம் ஜவுளி வியாபாரி மாசிலாமணி பத்து ஆண்டுகளாகப் பாடம் கேட்டு வந்தார். ஒருநாள் உச்சிவேளையில், செருப்பு மாட்டக்கூட மறந்து வந்து நின்றார்.

“அம்மா, பொண்ணு வடிவு பிரசவத்துக்கு வந்திருக்கா. வந்த மூணாம் நாளே மாமியார் வீட்டுக்குத் திரும்பிப் போறேங்கறா. சாயங்காலம் வண்டி. போனா இனி என் வீட்டு வாசப்படி மிதிக்க மாட்டாளாம்.”

“ஏன்?”

“வீட்டுல தொங்குற துணி பயமா இருக்காம்.”

“என்ன துணி?”

“கலம்காரி. துணியில கையால எழுதற பழங்காலத்து வேலைப்பாடு. சுவர் முழுக்க அன்னம். ஜன்னலுக்கும் அதே, ஊஞ்சல் மெத்தைக்கும் அதே. வந்தவங்க எல்லாம் அரண்மனை மாதிரி இருக்குன்னாங்க.”

“அன்னத்தைப் பாத்தா பயப்படறா?”

மாசிலாமணி தலை குனிந்தார். “அதுங்களுக்குக் கண்ணு கிடையாதும்மா.”

துணியில் உருவம் எழுதுகிறவர்கள் உடலையும் சிறகையும் முடித்து, சாயமேற்றி, ஆற்றில் அலசிக் காயவைத்த பிறகே கண் எழுதுவார்கள். உடலை எழுதிய கைதான் கண்ணையும் எழுத வேண்டும். இந்தத் துணி கரையில் காய்ந்துகொண்டிருந்தபோது ஓவியர் தெரு கூலி உயர்வு கேட்டு வேலையை நிறுத்தியது. மாசிலாமணி காவலர்களோடு போய்த் துணிகளை அள்ளினார். பொன்னுரங்கம் என்ற ஓவியர் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. தடி விழுந்தது. ஆற்றில் சாய்ந்தவர் கரையேறவில்லை; உடலும் ஒதுங்கவில்லை. ஊரில் அமைதி திரும்பியது என்று மறுநாள் செய்தித்தாள் எழுதியது. செய்தித்தாள்கள் எப்போதும் அப்படித்தான் எழுதும்.

இதை மாசிலாமணி சொல்லவில்லை. அம்மாள் கேட்கவும் இல்லை; ஆற்றங்கரையில் இருந்தவளுக்கு அது தெரியும். மைக்கூட்டையும் ஒரு மூங்கில் குச்சியையும் எடுத்துக்கொண்டு அவரோடு நடந்தாள்.

வடிவு சமையலறை வாசலில் மூட்டையோடு உட்கார்ந்திருந்தாள். வயிற்றின் மேல் கை.

“வாங்கம்மா. மெதுவாப் பேசுங்க.”

“ஏம்மா?”

“அதுங்க கேக்குது. கண்ணு இல்லேல்ல, காதால தேடுது. நான் நடந்தா என் பக்கம் கழுத்தைத் திருப்புது.”

“பைத்தியம்! காத்துல ஆடுதுடி” என்றார் மாசிலாமணி.

“ஜன்னலைச் சாத்தி மூணு நாளாச்சுப்பா.”

வடிவு சற்று நகர்ந்து உட்கார்ந்தாள். கொலுசு ஒலித்தது. சுவர்த் துணியில் மெல்லிய அலை ஓடியது. அத்தனை கழுத்துகளும் அவள் பக்கம் வளைந்தன.

மாசிலாமணி இருமினார்.

கழுத்துகள் அவர் பக்கம் திரும்பின. வடிவு மறுபடியும் அசைந்தாள், கொலுசு ஒலித்தது. அவை அவளிடம் திரும்பவே இல்லை.

“கண்ணைத் திறந்துட்டா அடங்கிடும்மா” என்றார் அவர், கிசுகிசுப்பாக. “எந்த ஓவியனும் வர மாட்டேங்கறான். நீங்களே எழுதிடுங்க.”

“எழுதறேன். ஆனா கண் திறந்ததும் விழற முதல் பார்வை பொல்லாதது. கோயில்ல என்ன செய்வாங்க?”

“எதிர்ல பசுவை நிறுத்துவாங்க. கண்ணாடி காட்டுவாங்க.”

“இங்க எதிர்ல யார் நிக்கறது?”

மாசிலாமணி ஓர் அடி பின்வாங்கினார்.

“நீங்கதான் நில்லுங்களேன்ப்பா” என்றாள் வடிவு. “வெறும் துணிதானே? காத்துதானே?”

அவர் உள்ளே ஓடிப் போய் ஆளுயர நிலைக்கண்ணாடியை இழுத்து வந்தார். அன்னங்களுக்கு எதிரே நிறுத்தினார். வேர்வையைத் துடைத்துக்கொண்டே தெருவாசலை நோக்கி நடந்தார்.

“கண்ணாடியே போதும்மா. எழுதி முடிச்சதும் குரல் குடுங்க. நான் வெளியில இருக்கேன்.”

அம்மாள் குச்சியை மையில் தோய்த்தாள். முதல் அன்னத்தின் முகத்தருகே கையை நிறுத்தினாள்.

“கண்ணாடியில அதுங்க எதைப் பாக்கும்?”

“தன்னைத்தான் பாக்கும்” என்றார் மாசிலாமணி, வாசலிலிருந்தே.

“பாத்ததும், எங்களை எழுதினவன் எங்கேன்னு கேக்கும். பதில் சொல்ல நீ உள்ள இருக்கணும், மாசிலாமணி.”