காட்டுக்கோழி அடைகாத்த சிரட்டைகள்

தென்னந்தோப்பை ஒட்டிய குளக்கரைக் காட்டில் ஒரு மானும் அதன் குட்டியும் வாழ்ந்தன. ஒருநாள் குட்டியின் வாயெல்லாம் தயிர் அப்பியதுபோல் வெள்ளைப் பூஞ்சை படர்ந்தது. மடியில் வாய் வைத்தாலே வலி. பால் குடிக்காமல் குட்டி துவண்டு விழுந்தது. தாய் மான் பதறியது.

அந்தக் காட்டில் வைத்தியம் தெரிந்தவை கீரியும் அணிலும்தான். இரண்டுக்கும் ஆகவே ஆகாது. கைவசம் இருந்தவை கசப்பிலைச் சாறும் துவர்ப்பட்டைச் சாறும். இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பிஞ்சு வயிறு தாங்காது. தப்பானதை முதலில் கொடுத்துவிட்டாலோ, சரியானதைக் கொடுக்கும்வரை குட்டி பிழைத்திருக்காது.

சோதித்துப் பார்த்துக் கொடுப்போம் என்று இரண்டும் கொஞ்சம் பூஞ்சையைச் சுரண்டிக்கொண்டு போயின. கீரிக்கு வெயில் ஆகாது. அது தானியம் ஊறிய தண்ணீரில் பூஞ்சையைக் கலந்து, சிரட்டைகளில் ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஒரு சாற்றை விட்டு, குளுகுளு வளைக்குள் வைத்தது. அணிலுக்குக் கிளையை விட்டு இறங்கச் சோம்பல். அது பழச்சாற்றில் கலந்து, அதேபோல் சிரட்டைகளில் சாறு விட்டு, உச்சிக்கிளை வெயிலிலேயே வைத்துவிட்டது.

மறுநாள் கீரி துள்ளிக்கொண்டு வந்தது. கசப்பிலைச் சாறு விட்ட சிரட்டையில் பூஞ்சை செத்துவிட்டதாம், துவர்ப்பட்டை எதற்கும் உதவாதாம். அணிலோ, இரண்டு சாறுமே வெறும் தண்ணீர், தூக்கி எறியுங்கள் என்றது.

"பொய்! உன் சிரட்டையை என் வளையில் வைத்துக் காட்டுகிறேன்" என்றது கீரி.

"தாராளமாக. உன்னுடையதை என் கிளைக்குக் கொடு" என்றது அணில்.

ஒன்றை ஒன்று பொய்யாக்கத் துடித்து, புதிதாகக் கலந்த சிரட்டைகளை இடம் மாற்றி வைத்தன. பார்த்தால் விடையும் இடம் மாறிவிட்டது! அணில் கலந்ததிலும் வளைக்குள் கசப்பிலை ஜெயித்தது. கீரி கலந்ததிலோ கிளையில் எந்தச் சாற்றுக்கும் பூஞ்சை அசையவே இல்லை.

அதே பூஞ்சை, அதே சாறு. அப்படியானால் பேசியது மருந்து இல்லை, இடம்தான்.

கீரி ஓடிப்போய்க் குட்டியின் வாயில் காலை வைத்துப் பார்த்தது. உள்ளே கதகதப்பு. பால் பிசுபிசுப்பு. "இது வளையும் இல்லை, கிளையும் இல்லையே!" என்று கூவியது. தாய் மான் உடனே மூன்று சிரட்டையில் பாலைச் சுரந்து கொடுத்தது. மூன்றிலும் பூஞ்சையைக் கலந்தார்கள். ஒன்றில் கசப்பிலை, ஒன்றில் துவர்ப்பட்டை, மூன்றாவதில் எதுவும் விடவில்லை. கதகதப்புக்கு எங்கே போவது? அணில் காட்டுக்கோழியிடம் ஓடியது. சொந்த முட்டைகளுக்கு நடுவே சிரட்டைகளையும் அணைத்துக்கொண்டு, கிட்டே வந்தால் கொத்துவேன் என்று கோழி அதட்டலாக உட்கார்ந்தது. விடியும்வரை காடே காத்திருந்தது.

கோழி எழுந்தது. சாறு விடாத சிரட்டையிலும் கசப்பிலைச் சிரட்டையிலும் பூஞ்சை கொழுத்துக் கிடந்தது. கீரி கழித்துக் கட்டிய, அணில் எறியச் சொன்ன துவர்ப்பட்டைச் சிரட்டையில் மட்டும் துளி வெள்ளை இல்லை.

துவர்ப்பட்டைச் சாற்றைக் குட்டியின் நாக்கில் தடவினார்கள். பொழுது சாய்வதற்குள் குட்டி தட்டுத்தடுமாறி எழுந்து மடியை முட்டியது. தாய் மான் அழுதுகொண்டே நின்று கொடுத்தது. கீரியும் அணிலும் ஒன்றையொன்று பார்க்க வெட்கப்பட்டு, குட்டி பால் குடிக்கும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தன.

நமக்கு வசதியான இடத்தில் சோதித்த மருந்தை நம்பாதே. நோய் குடியிருக்கும் இடத்தைப் போலவே ஓர் இடம் அமைத்துச் சோதித்துப் பார்.