தோட்டத்துக்கு வந்த கால்வாய்

முன்னொரு காலத்தில், எந்த நாடு, எந்தச் சீமை என்றெல்லாம் என்னைக் குடையாதீர்கள், ஒரு ராஜா மத்தியானத் தூக்கம் வராமல் தவித்தார். மெத்தையை மாற்றினார்கள், விசிறியை மாற்றினார்கள், விசிறுகிறவனையும் மாற்றினார்கள். ஒன்றும் பலிக்கவில்லை. ஒருநாள் வெளியே போனவர், பெரிய கால்வாய்க் கரையில் பல்லக்கைச் சற்றே இறக்கச் சொன்னார். அவ்வளவுதான். தண்ணீர்ச் சத்தத்தில் குறட்டை விட்டுத் தூங்கிவிட்டார்.

மறுநாள் சபையில், "அந்தக் கால்வாய் நம் தோட்டத்துக்கு வர வேண்டும்" என்றார்.

பிரதானி மாணிக்கவரதர் எழுந்தார். "அதற்கென்ன, மகாராஜா! கால்வாயை மறித்துத் தண்ணீரையெல்லாம் தோட்டத்தில் தேக்கிவிடலாம். எட்டே நாள் வேலை."

சபையில் ராஜாவைச் சிரிக்க வைக்கும் விகடன் வெண்காடன் நிமிர்ந்து உட்கார்ந்தான். கால்வாய்த் தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை ஊரில்தான் அவன் அக்கா அங்கம்மாள் நெல் போட்டிருந்தாள். இப்போதுதான் கதிர் பால் பிடித்திருந்தது. இந்த நேரத்தில் தண்ணீர் நின்றால் அத்தனையும் பதர். அக்கா வீடு மட்டுமா, அந்த ஊரே அடுப்பு மூட்டாது.

"மகாராஜா, தேக்கினால் அது குட்டை. தாங்கள் கேட்டது கால்வாய். அந்தப் பொறுப்பை அடியேனிடம் விடுங்கள்" என்றான்.

ராஜா சரியென்றார். வெண்காடன் வாயைத் திறந்தாலே ராஜா சிரிக்கிறாரே என்று பிரதானிக்கு ரொம்ப நாளாக எரிச்சல். ஆள் ஒழிந்தான் என்று உத்தரவைத் தாமே எழுதினார்: 'கால்வாய் அங்கே இருக்கிறபடியே இங்கும் இருக்க வேண்டும். அதைச் சேர்ந்தது ஒன்றும் குறையக் கூடாது. குறைந்தால் வெண்காடன் நாட்டை விட்டு வெளியேற வேண்டும்.' ராஜா முத்திரை வைத்தார்.

வெண்காடன் கடைமடை ஊர்க்காரர்களைக் கூட்டி வந்தான். தோட்டத்தின் மேற்கு மதிலை உடைத்தார்கள், தண்ணீர் வர. கிழக்கு மதிலையும் உடைத்தார்கள், தண்ணீர் போக. தோட்டத்தைக் கடந்த தண்ணீர் பழையபடி கால்வாயிலேயே விழுந்து கடைமடைக்குப் போயிற்று.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ராஜா தோட்டத்தில் கட்டில் போட்டுப் படுத்துக் கண்ணை மூடினார். படார், படார் என்று சத்தம். ஆறு சலவைக்காரர்கள் துணி அடித்துக்கொண்டிருந்தார்கள். ராஜா புரண்டு படுத்தார். நாற்பது எருமைகள் மேற்கு மதில் வழியாக வந்து நிதானமாகத் தண்ணீரில் இறங்கின. பின்னாலேயே ஓர் ஆயிரம் வாத்து. அதற்கும் பின்னால் இரண்டு குடியானவர்கள் மண்வெட்டியோடு நேரே கட்டிலுக்கே வந்துவிட்டார்கள்.

"சாமி, நீங்களே கேளுங்க. இன்னிக்குத் தண்ணி முறை என்னுது. இவன் மடையைத் திறந்துக்கிட்டான்!"

"எவன்டா திறந்தது? நண்டு வளை போட்டா அதுக்கு நானா பொறுப்பு?"

ராஜா எழுந்து உட்கார்ந்தார். "வெண்காடா! யார் இவர்கள்?"

"கால்வாயைச் சேர்ந்தவர்கள், மகாராஜா."

"நாம் அங்கே உறங்கியபோது ஒருவரையும் காணோமே!"

"பல்லக்குக்கு முன்னால் ஓடிய சேவகர்கள் விரட்டிவிட்டார்கள். அடியேன் திரும்பக் கூட்டி வந்தேன். ஒன்றும் குறையக் கூடாது என்பது பிரதானியார் எழுதிய உத்தரவல்லவா?"

பிரதானி வாயைத் திறப்பதற்குள், மடைகளைத் திறந்து மூடும் மடைக்காரர் ஒச்சப்பன் வந்து கும்பிட்டார். "சாமி, சித்திரையில தூர் வாரணும். அரமணை வீட்டுக்கு யாரு வர்றாங்க?"

"என்ன திமிர்! அரண்மனை சேறு அள்ளுவதா?" என்று பிரதானி பாய்ந்தார்.

"நான் சொல்லலீங்க. தலைமடைக் கல்லு சொல்லுது."

கால்வாயை வெட்டியவர் ராஜாவின் பாட்டனாருக்குப் பாட்டனார். தண்ணீர் புறப்படும் தலைமடையில் அவர் நட்ட கல்லில், 'எவர் மனையில் இந்நீர் ஒரு நாளேனும் பாய்ந்ததோ, அவர் மனைக்கு ஓர் ஆள் ஆண்டுதோறும் தூர் வாரக் கடவன்' என்று எழுதியிருந்தது. ராஜா அதைச் சின்ன வயதிலேயே எழுத்துக்கூட்டிப் படித்தவர். எந்த மனை என்று அப்போது யோசிக்கவில்லை.

ஒரு வாத்து கட்டிலில் ஏறி அவருடைய தலையணையில் உட்கார்ந்தது. ராஜாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"மதிலைக் கட்டுங்கள். கால்வாய் தன் வழியே போகட்டும். இனித் தூக்கம் வேண்டுமானால் நாமே கரைக்குப் போகிறோம். அங்கே யாரையும் விரட்டக் கூடாது" என்று சொல்லி, முத்துமாலையைக் கழற்றி வெண்காடன் கழுத்தில் போட்டார். "இன்னும் என்ன வேண்டும், கேள்!"

"ஒரு மண்வெட்டி, மகாராஜா."

"உனக்கெதற்கு?"

"அடியேனுக்கு இல்லை. அரண்மனை ஆளுக்கு. கால்வாய்த் தண்ணீரைத் தோட்டத்துக்குள் விட முதலில் வழி சொன்னவர் பிரதானியார்."

ராஜா மறுபடியும் சிரித்தார். மண்வெட்டியும் வந்தது.

அந்தச் சித்திரையில் கடைமடை ஊரில் வீட்டுக்கு வீடு புது நெல் இருந்தது. பிரதானி மாணிக்கவரதர் முழங்கால் சேற்றில் நின்று தூர் வாரினார். மத்தியானம் அங்கம்மாள் எல்லோருக்கும் கூழ் ஊற்றினாள். பிரதானிக்கும் ஒரு சட்டி நிறைய ஊற்றினாள். ஊறுகாய் மட்டும் வைக்கவில்லை.