பிரதானி பிடுங்கின புல்லு

சங்குத்தீவுன்னு ஒரு தீவு. நடுவுல ஒரு எரிமலை. பேரு உலைமலை. நாப்பது அம்பது வருஷம் சமர்த்தாத் தூங்கும். திடீர்னு ஒருநாள் தொண்டையைச் செருமும். அவ்வளவுதான், தீவு முழுக்கச் சாம்பல்.

கோதண்டராயர் ஆட்சியில அது மூணு நாள் விடாம இருமிச்சு. நல்லவேளை, நெருப்புக் குழம்பு அந்தப் பக்கமாக் கடல்ல போய் விழுந்துச்சு. சாம்பல் மட்டும் இந்தப் பக்கம். பட்டப்பகல்ல விளக்கேத்தினாங்க. மோர்ப்பானையைத் திறந்தா அதுல சாம்பல். ராஜாவோட கருகரு மீசை தும்பைப்பூ ஆயிடுச்சு. ராணியம்மா பார்த்துட்டு, மாமனாருன்னு நினைச்சு, "மாமா, எப்ப வந்தீங்க?"ன்னு கால்ல விழுந்துட்டாங்கன்னா பாருங்களேன்.

ஆனா மலையடிவாரத்துப் பன்னெண்டு ஊருக்கும் சிரிப்பு வரல. விளைஞ்ச பயிரெல்லாம் நாலு விரக்கடை சாம்பலுக்கு அடியில படுத்துடுச்சு.

சபை கூடிச்சு. தலைமை மந்திரி, அதான் பிரதானி, பூவராகம் எழுந்தாரு. மேல்துண்டால கண்ணைத் தொடைச்சாரு. கண்ணு ஈரமே ஆகல.

"மகாராஜா, அடிவாரத்து நிலம் செத்துப்போச்சு. அந்த ஜனங்களைத் தெக்குக் கடற்கரைக்கு அனுப்பிடுவோம். உப்புக் காய்ச்சிப் பிழைக்கட்டும். அந்தச் செத்த நிலத்தை... என்ன பண்றது, நானே என் தலையில சுமந்துக்கறேன்."

"அடடா, என்ன தியாகம்!"ன்னாரு ராஜா.

தூணோரம் நின்ன விகடகவி சொக்கப்பனுக்கு மூக்கு அரிச்சுது. சேறு பட்டா செருப்பையே தூக்கிப் போடற மனுஷன், இவருக்கு எதுக்குச் செத்த நிலம்? பக்கத்துல அடிவாரத்துச் செம்பாயி நின்னா. முந்தானையெல்லாம் சாம்பல்.

"நிசமாவே செத்துப்போச்சா தாயி?"ன்னு காதைக் கடிச்சான்.

"யாரு சொன்னா? எங்க மாமியா காலத்துலயும் இப்படிக் கொட்டிச்சாம். சாம்பலை மண்ணோட கலந்து கொத்தி விட்டு, ஒரு மழையும் பெஞ்சா, பூசணிக்காயைத் தூக்க ரெண்டு ஆளு வேணும். பிரதானிக்கும் தெரியும் ஐயா. அதான் வாயூறுது. எங்க மாடெல்லாம் புகைக்குப் பயந்து ஓடிப்போச்சு. அம்மாம் நிலத்தையும் கொத்த ஆளுக்கு எங்க போவேன்?"

"கொத்த ஆளுதானே? வரும் தாயி, வரும்."

சொக்கப்பன் முன்னாடி போயி பூவராகத்தைக் கும்பிட்டான்.

"பிரதானியாரே, உங்க தியாகத்தை நினைச்சா தொண்டை அடைக்குது. ஒரே ஒரு கவலை. அங்க ஒண்ணுமே முளைக்காதா?"

"முளைக்காது."

"நெருஞ்சி?"

"முளைக்காதுன்னேன்."

"சும்மா, வழி தவறிப்போயி, அரைப் புல்லு?"

பூவராகத்துக்குச் சுர்ருன்னுது. "ஓய்! அங்க ஒரு புல்லு முளைச்சாக்கூட இதே சபையில நாலு கால்ல நின்னு நானே மேயறேன், போதுமா?"

சபை கொல்லுன்னு சிரிச்சுது.

"மகாராஜா, ஆணையில இதையும் எழுதிடுங்க. அதுவரைக்கும் ஜனங்க அங்கயே இருக்கட்டும், மூணு மாசம் கழிச்சு நீங்களே வந்து பாருங்க. நிலம் செத்திருந்தா பிரதானிக்கு முத்திரை குத்தின பட்டா. புல்லு இருந்தா பிரதானிக்குச் சாப்பாடு."

ராஜா மீசையைத் தட்டினாரு. சாம்பல் பறந்துச்சு. "எழுதுங்கடா!"

மழை பெஞ்சுது. மறுவாரமே சாம்பலைக் கிழிச்சுக்கிட்டுப் பச்சைப்பசேல்னு புல்லு தலைநீட்டுச்சு. சேதி கேட்ட பூவராகத்துக்கு வாயெல்லாம் புல்லு ருசி. இருநூறு ஆளை மண்வெட்டியோட அனுப்பினாரு. "ஒரு புல்லு இருக்கக் கூடாது! வேரோட கொத்தி எடுங்கடா!"

கொத்தினாங்க. சாம்பலும் மண்ணும் கலந்து புட்டு மாவு மாதிரி ஆச்சு. முன்னாடி அவங்க கொத்திக்கிட்டே போக, பின்னாடி செம்பாயி கூட்டம் விதை போட்டுக்கிட்டே வந்துச்சு. பாறை மேல சம்மணம் போட்டுக்கிட்டு சொக்கப்பன் வெத்தலை மென்னான்.

"தம்பி, அந்த மூலையில ஒரு புல்லை விட்டுட்டீங்க. பிரதானியார் வயித்துக்கு ஆகாது."

அடுத்த வாரம் ஒருத்தன் கேட்டான், "ஐயா, இங்க ஏதோ கொடி முளைச்சிருக்கே?"

"அவரைக்கொடி. உன்னை எதைப் பிடுங்கச் சொன்னாங்க?"

"புல்லை."

"அப்பப் புல்லைப் பிடுங்குய்யா. சொன்ன வேலையைச் செய்யி."

மூணு மாசம் முடிஞ்சுது. ராஜா பரிவாரத்தோட வந்தாரு. வந்தவரு அப்படியே நின்னுட்டாரு. பந்தல் பந்தலா அவரை. தரையெல்லாம் பூசணி. ஒவ்வொண்ணும் அரண்மனைத் தவலை சைஸு.

"பூவராகம்! இதுவாய்யா செத்த நிலம்?"

பூவராகத்துக்கு வேர்த்துக் கொட்டுச்சு. ஆனாலும் ஆளு லேசுப்பட்டவரா? "மகாராஜா, நான் சொன்னது புல்லு! எங்கயாவது ஒரு புல்லு இருக்கா? தேடச் சொல்லுங்க!"

தேடினாங்க. ராஜாவே குனிஞ்சு பார்த்தாரு. நிசமாவே ஒரு புல்லுகூட இல்ல. பூவராகம் நெஞ்சை நிமித்தினாரு.

சொக்கப்பன் கையைத் தட்டினான். "சபாஷ்! பிரதானியார் ஜெயிச்சுட்டாரு. அவரு மேய வேண்டாம் மகாராஜா. ஒரே ஒரு சின்னச் சந்தேகம், கேட்டுட்டு நான் ஒதுங்கிக்கறேன்."

"என்னது?"

"ஒண்ணுமே முளைக்காத நிலத்துல, இவரோட ஆளு இருநூறு பேரு மூணு மாசமா எதைப் பிடுங்கினாங்க?"

ராஜா பூவராகத்தைப் பார்த்தாரு. பூவராகம் பூசணிக்காயைப் பார்த்தாரு. ராஜா வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்ச சிரிப்புல, மலை மறுபடியும் இருமுதோன்னு குதிரையெல்லாம் மிரண்டுச்சு.

"நிலம் இந்த ஜனங்களுக்கே! இனிமே உலைமலை எப்பச் சாம்பல் கொட்டினாலும் மண்வெட்டியோட முதல்ல வரவேண்டியது பிரதானியோட ஆளுங்க. சொக்கப்பா, உனக்கு என்ன வேணும்?"

"ஒரு பூசணிக்கா போதும் மகாராஜா. ஆனா என்னால தூக்க முடியாதே."

"பூவராகம் சுமப்பாரு. செத்த நிலத்தையே சுமக்கறேன்னவராச்சே!"

பூசணியைத் தலையில வச்சுக்கிட்டு, கால் தடுமாறித் தடுமாறி அரண்மனைக்கு நடந்தாரு பிரதானி. பின்னாலேயே வெறுங்கையை வீசிக்கிட்டு வந்தான் சொக்கப்பன்.

"தைரியமா நடங்க பிரதானியாரே! காலைத் தடுக்க ஒரு புல்லுகூட இல்ல!"