சீனியம்மாள் பார்க்காத கோல்கள்

எங்கே தப்பாகச் சொல்லிவிடுவோமோ என்று சீனியம்மாளுக்குப் பயம். மடத்து வாசலில் செருப்பைக் கழற்றும்போதே எல்லாவற்றையும் வாய்க்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். மொத்தம் ஏழு ஆட்டம். ஏழையும் வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். ஒன்றை முன்னே பின்னே சொல்லிவிட்டால், சாமி வேறு ஏதோ கேள்விக்குப் பதில் சொல்லிவிடுவார். அந்தப் பதிலை வைத்துக்கொண்டு அவள் நாளைக்கு என்ன செய்வாள்?

மடத்துச் சாமிக்கு இன்னும் நாற்பது நிரம்பவில்லை. சீனியம்மாளுக்கு ஐம்பத்திரண்டு. அவர் அவளை அக்கா என்பார். அவள் அவரைச் சாமி என்பாள். ஆறு வருஷமாக, வெள்ளிக்கிழமைதோறும் கடலைமிட்டாய்க் கம்பெனியில் வேலை முடிந்ததும் நேரே மடத்துக்கு வருவாள். ஒரு கேள்வி கேட்பாள். ஒரு பதில் வாங்கிக்கொண்டு போவாள். பதிலில் பாதி அன்றைக்கே புரியும். மீதி அடுத்த வெள்ளிக்குள் புரிந்துவிடும்.

"என்னக்கா, இன்னைக்கு சனிக்கிழமைல்லா?"

"வெள்ளிக்கிழமை வரைக்கும் தாங்காது சாமி. நாளைக்கு பைனலு."

"எதுக்கு பைனல்?"

சீனியம்மாள் அவரைப் பரிதாபமாகப் பார்த்தாள். கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற ஊர் அது. மழைக்குப் பஞ்சம் உண்டு, ஹாக்கிக்குப் பஞ்சம் இல்லை. நடக்கத் தெரிந்த பிள்ளையெல்லாம் கம்பைத் தூக்கிக்கொண்டு கிரவுண்டுக்கு ஓடும். அந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி ஒரு கேள்வி.

"நம்ம ஊத்துப்பட்டி டீமு சாமி. பத்தொம்பது வருஷம் கழிச்சு பைனலுக்கு வந்திருக்கு. பாறைக்குளத்தோட ஆட்டம்."

"சந்தோஷந்தானே?"

"சந்தோஷந்தான். ஆனா என் கண்ணுக்கு ராசி இல்ல சாமி."

முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, விரல் மடக்கி, வரிசையாகச் சொன்னாள்.

முதல் ஆட்டம் பார்த்தாள். மூன்று கோலில் தோற்றது. இரண்டாவது ஆட்டமும் பார்த்தாள். அதுவும் தோற்றது. மூன்றாவதுக்குக் காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஜெயித்தது. நான்காவது ஆட்டத்துக்குப் பாதியில் போனாள். அதுவரை ஊத்துப்பட்டி முன்னால் இருந்தது. அவள் போய் வேலியைப் பிடித்துக்கொண்டு நின்ற ஐந்தாவது நிமிஷம் எதிராளி கோல் போட்டுச் சமன் செய்துவிட்டான். ஐந்தாவது ஆட்டத்தில், வார் அறுந்த செருப்பை எடுக்கக் குனிந்தாள். குனிந்த நேரத்தில் நம் கோல் விழுந்தது. நிமிர்ந்து பார்த்தாள்; வேறு கோலே விழவில்லை. ஒன்றுக்குச் சைபர், ஜெயம்.

"அதுக்கப்புறம்?"

"அதுக்கப்புறம் நான் ஆட்டத்தைப் பாக்கவே இல்ல சாமி. கிரவுண்டுக்குப் போவேன். முதுகைக் காட்டிக்கிட்டு காம்பவுண்டு சுவரைப் பாத்து நிப்பேன். ஆறாவது ஆட்டம் நாலு கோலு. செமி பைனலும் அப்படித்தான், ஜெயிச்சாச்சு."

"செமி பைனல்ல கோல் போட்டது யாரு?"

"செண்பகராஜு. என் தம்பி மகன்தான். கேப்டனும் அவன்தான்."

"எப்படிப் போட்டான்?"

"எனக்கெப்படி சாமி தெரியும்? நான் சுவரைல்லா பாத்துக்கிட்டிருந்தேன்."

"சுவர்ல என்ன இருந்தது?"

"சிமெண்டு விளம்பரம்." அவள் கொஞ்சம் வெட்கத்தோடு சொன்னாள். "நாப்பத்தி மூணு எழுத்து."

சாமி சிரிக்கவில்லை. அவள் முந்தானை நுனியை விரலில் சுற்றினாள்.

"இன்னைக்குக் காலைல செண்பகராஜு வீட்டுக்கு வந்தான். 'அத்தை, கோவிச்சுக்காத. நாளைக்கு நீ கிரவுண்டு பக்கமே வராத'ன்னு சொல்லிட்டான். அவனுக்கு அஞ்சு வயசுல கம்பு வாங்கிக் கொடுத்தவ நான். வராதங்கான். வந்து தோத்துட்டா, ஊரே என்னைத்தான் ஏசும். வராம இருந்தா... பத்தொம்பது வருஷம் சாமி. நான் போகட்டா, வேண்டாமா? அதை மட்டும் சொல்லுங்க."

"எத்தனை மணிக்கு ஆட்டம்?"

"நாலு மணிக்கு."

"நானும் வரேன். நீங்க எப்பவும் போலச் சுவரைப் பாத்து நில்லுங்க. நான் ஆட்டத்தைப் பாத்து உங்களுக்குச் சொல்றேன்."

சீனியம்மாளுக்கு வாயெல்லாம் பல். அதற்குள் ஒரு சந்தேகம் வந்துவிட்டது.

"சாமிக்கு ஹாக்கி தெரியுமா?"

"தெரியாது. கண்ணு தெரியும்ல?"

மறுநாள் கிரவுண்டில் எள் போட்டால் எள் விழாத கூட்டம். காவி வேட்டியைப் பார்த்ததும் வழி விட்டார்கள். கம்பெனியில் கூட வேலை பார்க்கிற ஒருத்தி, "ஏ சீனி, சாமியாரையே கூட்டிட்டு வந்துட்டியா? பாறைக்குளத்துக்காரன் பாவம்டி!" என்று கத்தினாள். சீனியம்மாள் வேறு யார் கண்ணிலும் படாமல் சுவரோரம் போய், விளம்பரத்துக்கு நேரே நின்றாள். சாமி அவள் பக்கத்தில், ஆட்டத்தைப் பார்த்து நின்றார்.

விசில் ஊதியது.

"சொல்லுங்க சாமி."

"ஒருத்தன் ஓடுறான்."

"எந்தச் சட்டை?"

"நீலம்."

"நம்ம ஆளு! அப்புறம்?"

"நின்னுட்டான்."

"ஏன் நின்னான்?"

"தெரியல. களைப்பா இருக்கும்."

"இப்பத்தான சாமி விசில் ஊதினாக! அதுக்குள்ள என்ன களைப்பு? பந்து எங்க இருக்கு?"

"பந்தைக் காணோம்."

சீனியம்மாள் சுவரைப் பார்த்துப் பல்லைக் கடித்தாள். குரு. கோபப்படக் கூடாது.

இப்படியே முக்கால்வாசி ஆட்டம் போயிற்று. ஒருத்தன் விழுந்தான், எழுந்தான். ஒருத்தன் கம்பைத் தூக்கினான், நடுவர் வைதார். பந்து வலப்பக்கம் போனது, இடப்பக்கம் போனது. யார் அடித்தது என்று சாமிக்குத் தெரியவில்லை. சிமெண்டு விளம்பரத்தை அவள் தலைகீழாக எழுத்துக் கூட்டிப் படித்து முடித்தாள்.

"இப்ப ஒரு அஞ்சு பேர் வலைக்குள்ள போய் நிக்கிறாங்க. முகமூடி மாட்டுறாங்க."

"பெனால்டி கார்னரு சாமி! முகமூடி மாட்டுறவன்தான் தடுக்கிறவன். அது யாரு? நீலமா, மஞ்சளா?"

"முகமூடி கறுப்பு."

"சட்டை சாமி, சட்டை!"

கூட்டம் ஓவென்று எழுந்தது. தரை அதிர்ந்தது.

"என்னாச்சு?"

"பந்து உள்ள போயிருச்சு."

"யாரு போட்டது?"

"எல்லாரும் சேந்துதான் ஓடினாங்க."

"அடிச்சாகளா, தள்ளினாகளா, தூக்கிப் போட்டாகளா? கீப்பர் எந்தப் பக்கம் விழுந்தான்? செண்பகராஜு எங்க நிக்கான்?"

சாமி நன்றாக யோசித்தார்.

"பந்து வெள்ளையா இருந்துச்சு" என்றார்.

அதற்கு மேல் அவளால் முடியவில்லை. "அட போங்க சாமி!" என்று திரும்பிவிட்டாள்.

சாயங்கால வெயிலில் கிரவுண்டு தகதகவென்று கிடந்தது. நீலச் சட்டைக்காரர்கள் ஒருவன்மேல் ஒருவன் விழுந்து புரண்டார்கள். அடியில் கிடந்தவன் செண்பகராஜ். இரண்டு ஆட்டத்துக்குள் அவன் நல்ல ஆளாக வளர்ந்திருந்தான். இல்லை, அவள்தான் அவன் ஓடுவதைப் பார்க்காமல் இருந்திருக்கிறாள். சீனியம்மாள் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு கத்தினாள். என்ன கத்தினாள் என்று அவளுக்கே தெரியாது.

அதற்குப் பிறகு சொல்கிறவள் அவளாகிவிட்டாள்.

"அந்தா பாருங்க சாமி, லெப்டுல ஒல்லியா ஒருத்தன் போறானா? அவன் பந்தைப் பாக்கவே மாட்டான், ஆளைத்தான் பாப்பான். இந்தா குடுக்கான் பாருங்க, குடுத்துட்டான்! ஐயோ, விட்டுட்டான் எருமை மாடு. பரவால்ல, பரவால்ல, திரும்ப வாங்கிட்டான். ஏலே, ஓடுலே!"

சாமி அவள் விரல் போன பக்கமெல்லாம் பார்த்தார்.

முடிய நான்கு நிமிஷம் இருக்கும்போது, பாறைக்குளத்துக்காரன் ஒருத்தன் நடுக் கோட்டில் பந்தை எடுத்தான். கட்டையான ஆள், வயதும் கொஞ்சம் ஏறியவன். முதலில் வந்தவனை இடப்பக்கம் காட்டி வலப்பக்கம் போனான். இரண்டாவது வந்தவனின் காலிடுக்கில் பந்தைத் தள்ளி அந்தப் பக்கம் போய் எடுத்துக்கொண்டான். செண்பகராஜ் குறுக்கே விழுந்தான்; கட்டையன் அவனையும் தாண்டினான். கீப்பர் முன்னே வந்தான். பந்தை மெல்ல, குழந்தைக்குச் சோறு ஊட்டுகிற மாதிரி, அவன் தலைக்கு மேலே தூக்கிவிட்டான்.

ஒன்றுக்கு ஒன்று.

சீனியம்மாள் தலையில் கையை வைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"பாத்தீகளா சாமி? நான் பாத்தேன். விழுந்துருச்சு. என் கண்ணுதான்."

சாமி கிரவுண்டுக்கு எதிர்ப்பக்கம் கையைக் காட்டினார்.

அங்கே பாறைக்குளத்து ஆட்கள் துண்டைச் சுழற்றிக்கொண்டு குதித்தார்கள். அவர்களுக்குப் பின்னால், மஞ்சள் சேலை கட்டிய ஒரு பொம்பளை, ஆட்டத்துக்கு முதுகைக் காட்டி, வேலிக்கு வெளியே நிற்கிற லாரியைப் பார்த்துக்கொண்டு, இரண்டு காதையும் பொத்தியபடி நின்றாள்.

"அந்த அம்மா யாரு?"

"அவளா? பாறைக்குளத்துப் பரிபூரணம். எல்லா மேட்சுக்கும் வருவா." சீனியம்மாள் எட்டிப் பார்த்தாள். "கோல் போட்டவன் அவ மருமகன் சாமி."

"ஏன் லாரியைப் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க?"

சீனியம்மாள் அந்த மஞ்சள் முதுகையே பார்த்தாள்.

"ஐயோ பாவி" என்றாள். "அப்படியொரு கோலு. மூணு பேரைத் தாண்டி... அவ பாக்கலையே சாமி."

"நல்ல கோலா?"

"பத்து வருஷத்துக்கு ஒண்ணுதான் விழும், அந்த மாதிரி."

விசில் ஊதி ஆட்டம் சமனில் முடிந்தது. இனி ஷூட் அவுட். ஊருக்கு ஐந்து பேர், ஒவ்வொருத்தனாகப் பந்தோடு வந்து கீப்பரைத் தனியாகச் சந்திக்க வேண்டும். ஆளுக்கு எட்டு விநாடி.

தண்ணீர் குடிக்க வேலியோரம் வந்த செண்பகராஜ் அவளைப் பார்த்துவிட்டான்.

"அத்தை! உன்னைய வராதன்னேன்ல? வந்ததுதான் வந்த, இந்தப் பக்கம் ஏன் திரும்புன? உன் காலைப் பிடிக்கேன், சுவரைப் பாரு அத்தை!"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். சீனியம்மாளின் முகம் செத்துப்போயிற்று. சாமியைப் பார்த்தாள். பிறகு எதிர்ப்பக்கத்து மஞ்சள் முதுகைப் பார்த்தாள்.

அவள் சுவர்ப் பக்கம் போகவில்லை. விறுவிறுவென்று கிரவுண்டைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்கம் நடந்தாள். சாமி பின்னாலேயே போனார். பரிபூரணத்தின் கையைக் காதிலிருந்து பிரித்து எடுத்தாள்.

"மதினி, உன் மருமகன் எப்படிக் கோல் போட்டான்னு தெரியுமா?"

"சொல்லாத தாயி, சொல்லாத! கண்ணு பட்டுரும்."

"மூணு பேரைத் தாண்டினான். கடைசில கீப்பர் தலைக்கு மேல தூக்கிவிட்டான் பாரு, எனக்கே கை தட்டணும் போல இருந்துச்சு. எங்க ஊரா இல்லாமப் போச்சேன்னுதான் தட்டல."

பரிபூரணம் அவளை மேலும் கீழும் பார்த்தாள். "நெசமாவா?"

"சத்தியமா. நீ லாரியைப் பாத்துக்கிட்டிருந்த. வா, திரும்பு. இப்ப அவன் மறுபடி வரப்போறான்."

"நான் பாத்து தோத்துட்டா?"

"நானும் பாக்கேன். ரெண்டு பேரும் பாத்தா ரெண்டு ஊருமா தோக்கும்?"

பரிபூரணம் விரல் விட்டு ஏதோ கணக்குப் போட்டாள். கணக்கு வரவில்லை. திரும்பினாள்.

நான்கு முறை ஊத்துப்பட்டி வந்தது. நான்கு முறை பாறைக்குளம் வந்தது. மூன்றுக்கு மூன்று. இரண்டு பொம்பளைகளும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டு, எல்லாக் கோலுக்கும் சேர்ந்து கத்தி, எல்லாத் தப்புக்கும் சேர்ந்து வைது, தொண்டை கட்டிப்போய் நின்றார்கள். ஐந்தாவது ஆளாகச் செண்பகராஜ் பந்தை வைத்தான். அவன் கண் அத்தையைத் தேடியது. கண்டுபிடித்ததும், தலையில் அடித்துக்கொண்டான்.

சீனியம்மாளால் பார்க்காமல் இருக்க முடியாது. இனிமேல் முடியாது. ஆனால் சும்மா பார்த்துவிடுவதற்கும் தைரியம் வரவில்லை. இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு சாமி பக்கம் திரும்பினாள்.

"சாமி, தப்பா நினைச்சுக்கக் கூடாது. எதுக்கும் இருக்கட்டும். நீங்க கொஞ்சம் அந்த லாரியப் பாத்து நிக்கிறீகளா?"

"எங்க ஊருக்கும் சேத்து நிக்கச் சொல்லு மதினி" என்றாள் பரிபூரணம்.

"நிக்கிறேன்" என்றார் சாமி. "யாராவது ஒருத்தர் திரும்பித்தான் நிக்கணும்னா, ஆட்டம் தெரியாதவன் நிக்கட்டும்."

திரும்பி நின்றார்.

சீனியம்மாள் அதற்குள் கிரவுண்டுப் பக்கம் திரும்பிவிட்டாள். செண்பகராஜ் பந்தோடு ஓடத் தொடங்கியிருந்தான்.